உடைந்த கண்ணாடியும் ஒட்டிய தாளும்: 'குங்கூ' திரைப்படமும் ஒளிப்படக் கலைச்சொற்களும்

1. முன்னுரை

மேலைக் கலை இயக்கங்களின் பெயர்கள் தமிழுக்கு வரும்போது, அவ்வியக்கங்களைக் காணும் முறையும் அப்பெயர்களோடு சேர்ந்தே வருகிறது. கியூபிசம், கொலாஜ், மோன்டாஜ் ஆகிய மூன்று சொற்களும் ஓவியத்திலும் ஒளிப்படத்திலும் திரைப்படத்திலும் கலந்து வழங்குபவை. தமிழில் இவற்றிற்குக் கனசதுரவியம், ஒட்டுச்சித்திரம், தொகுப்பு போன்ற பெயர்ப்புகள் உள்ளன. ஒலிபெயர்ப்புகளும் உடன் வழங்குகின்றன. இவை மூன்று வேறு செயல்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றனவா, ஒன்றோடொன்று மயங்குகின்றனவா என்பது இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

ஆய்வுக்குரிய சான்றாக, புணே நகரில் பிரபாத் திரைப்பட நிறுவனம் 1937-இல் உருவாக்கிய 'குங்கூ' என்னும் மராத்தித் திரைப்படத்தின் ஒரு காட்சி கொள்ளப்படுகிறது. வி. சாந்தாராம் இயக்கிய இப்படம் பொருந்தா மணத்தை எதிர்த்த சீர்திருத்தப் படமாக நன்கு அறியப்பட்டது. அதன் உடைந்த கண்ணாடிக் காட்சியோ ஒரு தந்திரக் காட்சி என்ற அளவில் எளிதாகக் கடந்து செல்லத்தக்கது. அவ்வாறு கடந்து செல்ல வைப்பதில் கலைச்சொல்லின் குறைக்கும் பங்குண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. மூன்று பெயர்கள், மூன்று செயல்கள்

1908-இல் பாரிசு நகரில் ஜார்ஜ் பிராக்கின் நிலக்காட்சி ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கண்ட லூயி வோசெல் என்ற திறனாய்வாளர், ஓவியர் எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிட்டார் என்னும் பொருள்பட எழுதினார். குறைகூறும் தொனியில் எழுந்த சொல்லே பின்னர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. எனினும் அவ்வோவியர்கள் தேடியது கனசதுரத்தை அன்று. ஒருவர் ஓரிடத்தில் அசையாது நின்று ஒரு கண்ணால் பார்ப்பது போல் உலகை வரையும் ஐரோப்பிய மரபையே அவர்கள் கைவிட முயன்றனர். ஒரு குடத்தின் வாயை மேலிருந்து கண்டது போலவும் அதன் வயிற்றைப் பக்கத்திலிருந்து கண்டது போலவும் ஒரே பரப்பில் தீட்டுவது அவர்தம் முறை. பார்வை நிலைகளைப் பலவாக்குதலே இச்செயலின் உயிர்.

கொலாஜ் என்னும் சொல் பசையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. 1912-இல் பிக்காசோ தம் ஓவியம் ஒன்றில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியை ஒட்டினார். அதே ஆண்டில் பிராக், மரத்தின் வரியோட்டம் அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். இங்கு நிகழ்வது பார்வை நிலையின் மாற்றம் மட்டுமன்று. வெளியுலகப் பொருளொன்று ஓவியத்தினுள் தன் தோற்றம் கெடாமல் நுழைகிறது. பிற பொருளை ஏற்றலே இச்செயலின் உயிர்.

மோன்டாஜ் என்பது பொருத்துதலைக் குறிப்பது. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் பெர்லின் நகரத் தாதா இயக்கத்தினரான ஹன்னா ஹோக், ராவுல் ஹவுஸ்மன் முதலியோர் இதழ்களிலிருந்து ஒளிப்படங்களை வெட்டிப் புதிய உருவங்களாக அமைத்தனர். எந்திர உறுப்புகளைப் பொருத்தும் தொழிலாளியின் வேலையோடு தம் வேலையை ஒப்பிட்டே இப்பெயரை அவர்கள் விரும்பினர். பிரெஞ்சு மொழியில் இதே சொல் திரைப்படத் தொகுப்பையும் குறிக்கிறது. எனவே தமிழில் ஏற்கெனவே வழக்கிலுள்ள 'படத்தொகுப்பு' என்பது இச்சொல்லின் ஒரு பொருளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. துண்டுகளுக்கிடையே புதிய பொருளைப் பிறப்பித்தலே இச்செயலின் உயிர்.

இம்மூன்றனுள் முதற் பெயர் இந்தியாவிற்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1922-இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ், ககனேந்திரநாத் தாகூரை இந்தியக் கியூபிச ஓவியர் என்று குறித்து 'ரூபம்' இதழில் எழுதினார். மராத்தியிலும் இந்தியிலும் 'கன்வாத்' என்னும் பெயர்ப்பு வழங்குகிறது. தமிழின் 'கனசதுரவியம்' போலவே அதுவும் திறனாய்வாளரின் ஏளனத்தை மொழிபெயர்த்ததேயன்றி ஓவியரின் செயலை மொழிபெயர்த்ததன்று.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 'புகைப்படம்' என்னும் சொல்லில் உள்ள புகை ஒளிப்படத்தில் இல்லை. ஆயினும் அச்சொல்லால் தமிழர் எவரும் மயங்கியதில்லை. ஆகவே பெயரின் சொற்பொருள் எதுவாயினும் வழக்கு அதைச் சரிசெய்துவிடும் என்பது அம்மறுப்பு. இது வலிமையானதே. ஆனால் புகைப்படத்தைக் கண்ணால் கண்ட பின்னரே பெரும்பாலோர் அச்சொல்லைக் கற்றனர். பொருள் முன்னும் பெயர் பின்னுமாக வந்தன. கனசதுரவியத்தின் நிலை வேறு. ஓவியத்தைக் காணுமுன் அதன் பெயரைப் படிப்பவரே இங்கு மிகுதி. அவர்க்குப் பெயரே வழிகாட்டியாகிறது. அது கனசதுரத்தைத் தேடச் சொல்கிறது. கனசதுரம் காணப்படாதவிடத்து, அங்கு அம்முறை இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார்.

3. ஒற்றைக் கண்ணும் அதை உடைக்கும் வழிகளும்

ஒளிப்படத்திற்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. கியூபிச ஓவியர் மறுத்த ஒற்றைக் கண் நோக்கு, ஒளிப்படக் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. வில்லை ஒன்று, அது நிற்கும் இடம் ஒன்று, திறந்து மூடும் கணமும் ஒன்று. இக்கருவியைக் கொண்டே பல பார்வைகளை ஒரே பரப்பில் அமைக்க இரு வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது கண்ணாடி வழி. ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று ஆடிகளை முக்கோணமாக இணைத்து, அவற்றினூடே எடுத்த படங்களை 1917-இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தார். 'வோர்ட்டோகிராஃப்' என்பது அவற்றின் பெயர். ஆடிகள் ஒளியைச் சிதறடித்து, ஒரே பொருளைப் பல கோணங்களில் வில்லைக்குள் செலுத்தின. தாள் வெட்டப்படவில்லை, பசை பூசப்படவில்லை. வெட்டப்பட்டது ஒளியே.

இரண்டாவது கத்தரிக்கோல் வழி. பலமுறை எடுத்த படங்களை அருகருகே அடுக்கி ஒரே காட்சியாக்குதல் இது. டேவிட் ஹாக்னி 1982-இல் தொடங்கிச் செய்த இணைப்புப் படங்கள் இதற்குச் சிறந்த சான்று. உடனடி அச்சுப் படங்களின் வெள்ளை விளிம்புகளை வெட்டி எறியாமலே அவர் கட்டம் கட்டமாக அடுக்கினார். அமர்ந்திருக்கும் ஒருவரின் கை ஒரு கட்டத்தில் ஒரு நிலையிலும், அடுத்த கட்டத்தில் சற்று நேரம் கழிந்த வேறொரு நிலையிலும் தோன்றும்.

இவ்விரு வழிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியது. கண்ணாடி வழியில் பார்வைகள் பல, கணம் ஒன்றே. கத்தரிக்கோல் வழியில் பார்வைகளும் பல, கணங்களும் பல. 'ஒட்டுச்சித்திரம்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். கோபர்னின் படத்தில் ஒட்டே இல்லை. ஹாக்னியின் படத்தில் ஒட்டு உண்டெனினும் ஒட்டப்பட்டது பிற பொருளன்று, அதே காட்சியின் பிற கணமே.

4. புணேயின் கண்ணாடி

பிரபாத் நிறுவனம் 1929-இல் கோலாப்பூரில் தொடங்கப்பெற்று 1933-இல் புணேக்கு இடம்பெயர்ந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஃபத்தேலால் ஓவியர். கலை இயக்கத்தில் தேர்ந்தவர். புணேயில் உருவான தொடக்கப் படமான 'அம்ருத மந்தன்' (1934), ராஜகுருவின் கண் ஒன்று திரை முழுவதையும் நிறைக்கும் அண்மைக்காட்சியால் பெயர்பெற்றது. அதிகாரம் என்பது இமையாது நோக்கும் ஒற்றைக் கண்ணாக அப்படத்தில் உருவம் பெறுகிறது. மூன்றாண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில், அதே இயக்குநரின் படத்தில், ஓர் ஆணின் அதிகாரம் பல துண்டுகளாக உடைவது இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

'குங்கூ' நாராயண் ஹரி ஆப்டே எழுதிய புதினத்தைத் தழுவியது. இளம்பெண் ஒருத்தி ஏமாற்றப்பட்டு, முதியவரும் மனைவியை இழந்தவருமான வழக்கறிஞர் ஒருவருக்கு மணம் செய்விக்கப்படுகிறாள். அவள் அம்மணத்தை மனத்தால் ஏற்க மறுத்து இறுதிவரை உறுதியாக நிற்கிறாள். சாந்தா ஆப்டே மனைவியாகவும் கேசவராவ் தாத்தே கணவராகவும் நடித்தனர், ஒளிப்பதிவு வி. அவதூத். பின்னணி இசையை விலக்கி, கடிகாரம் முதலிய சூழல் ஒலிகளைக் கொண்டே படம் நடத்தப்பெற்றது.

கணவர் தம் முதுமையை உணரும் இடமே கண்ணாடிக் காட்சி. கண்ணாடி உடைகிறது. அதன் சில்லுகளில் அவருடைய முகமே பலவாகித் தோன்றி அவரை எள்ளி நகைக்கிறது. இக்காட்சியின் அமைப்பை இரு நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதல் நிலை ஒளியியல் சார்ந்தது. சமதளக் கண்ணாடி உடைந்தாலும், சில்லுகள் ஒரே தளத்தில் கிடக்கும்வரை அதில் தெரிவது விரிசலோடு கூடிய ஒரே முகந்தான். சில்லுகள் வெவ்வேறு சாய்வில் அமையும்போதே முகங்கள் பலவாகும். ஒவ்வொரு சில்லும் வேறோர் இடத்தில் வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவி போன்றதாகிவிடும். ஆகவே உடைந்த கண்ணாடியைக் காட்டும் இப்படிமம், தன் இயல்பிலேயே பல பார்வைகளை ஒரு கணத்தில் காட்டும் படிமமாகும். கோபர்னின் ஆடிகள் செய்ததும் இதுவே.

இரண்டாம் நிலை பொருள் சார்ந்தது. கண்ணாடி தன்முன் நிற்பவரை எள்ளாது. நிற்பவர் செய்வதையே திருப்பிச் செய்யும். இங்கோ நிற்பவர் நிலைகுலைய, சில்லுகளில் உள்ள முகங்கள் நகைக்கின்றன. அந்நிலையில் அவை பிம்பங்கள் அல்ல. வேறொரு கணத்துக்குரிய முகங்கள். கண்ணாடியாகத் தொடங்கிய படிமம், கண்ணாடியின் விளிம்புகளையே கத்தரித்த விளிம்புகளாகக் கொண்டு, ஒட்டுப்படமாக மாறிவிடுகிறது. பார்வை பலவாதலும் கணம் பலவாதலும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து நிகழ்வதே இதன் தனிச்சிறப்பு எனலாம்.

இந்த வடிவம் கதைப்பொருளோடு பிரிக்க முடியாதது. அதுவரை வீட்டைக் காணும் உரிமை கணவரின் கண்ணுக்கே உரியதாக இருந்தது. மனைவி காணப்படும் பொருளாகவே வைக்கப்பட்டிருந்தாள். கண்ணாடி உடையும்போது காண்பவரே காணப்படுபவராகிறார். ஒரு முகத்தின் தீர்ப்பைப் பல முகங்கள் மறுக்கின்றன. சாந்தாராமும் அவர் குழுவினரும் கியூபிசக் கொள்கையைப் பின்பற்றினர் என்று கூறுவது இங்கு நோக்கமன்று. அக்கால ஜெர்மன் திரைப்படங்களின் ஒளிநிழல் உத்திகளோடு ஒப்பிட்டும் இக்காட்சியை விளக்கலாம். ஆயினும் தாக்கம் என்பது வேறு. சிக்கல் ஒன்றாக இருத்தல் என்பது வேறு. ஒற்றை நோக்கின் ஆட்சியை ஒரே பரப்பில் எவ்வாறு உடைப்பது என்ற சிக்கலைப் பாரிசின் ஓவியரும் புணேயின் திரைக்கலைஞரும் தத்தம் தேவையிலிருந்தே எதிர்கொண்டனர்.

5. மூன்று தலைப்புகளும் ஓர் ஆங்கிலப் பாடலும்

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்று இப்படத்தின் பெயரிலேயே உள்ளது. ஆப்டேயின் புதினத்தின் பெயர் 'ந பட்ணாரி கோஷ்ட்'. மனம் ஒப்பாத செய்தி என்பது அதன் பொருள். மராத்திப் படத்தின் பெயர் 'குங்கூ', அதாவது நெற்றிக் குங்குமம். உடன் எடுக்கப்பட்ட இந்தி வடிவத்தின் பெயர் 'துனியா ந மானே'. உலகம் ஏற்காது என்பது அதன் பொருள்.

இவற்றுள் எதுவும் மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. புதினத்தின் பெயர் செய்தியைக் கேட்பவரின் நிலையிலிருந்து பேசுகிறது. மராத்திப் படத்தின் பெயர், பெண்ணின் நெற்றியில் மணம் இட்ட அடையாளத்தைச் சுட்டி, அவள் நிலையிலிருந்து பேசுகிறது. இந்திப் படத்தின் பெயர் சமூகத்தின் நிலையிலிருந்து பேசுகிறது. பொருள் ஒன்று, பார்வை நிலைகள் மூன்று. மூன்றையும் அருகருகே வைத்துக் காண்பவர்க்கு, தனித்த ஒரு பெயரில் கிட்டாத முழுமை கிட்டுகிறது. தலைப்பு மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் நேர்மை தேடுவோர் இம்மாற்றத்தைப் பிழையெனக் கருதக்கூடும். பார்வை நிலையின் மாற்றமாகக் கொள்வோர்க்கு இது பொருளை விரிவாக்கும் செயலாகவே தோன்றும். 'குங்கூ' என்பதைத் தமிழில் 'குங்குமம்' எனப் பெயர்ப்பது எளிது. அவ்வாறு பெயர்க்கும்போது பெண்ணின் நிலை காக்கப்படுகிறது. 'உலகம் ஏற்காது' என்றாலோ அந்நிலை கைவிடப்படுகிறது. எதைக் காப்பது என்பது மொழிபெயர்ப்பாளரின் தேர்வு.

படத்தில் சாந்தா ஆப்டே, லாங்ஃபெல்லோவின் 'வாழ்வின் சங்கீதம்' என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கிலக் கவிதையைப் பாடுகிறார். அது மொழிபெயர்க்கப்படவில்லை, ஆங்கிலமாகவே ஒலிக்கிறது. பிக்காசோவின் ஓவியத்தில் எண்ணெய்த்துணி நின்றது போலவே, பிறமொழித் துண்டு ஒன்று தன் தோற்றம் கெடாமல் இங்கு நிற்கிறது. இதுவே கொலாஜ் என்னும் சொல்லின் உண்மைப் பொருளுக்குரிய சான்று. கண்ணாடிக் காட்சியில் பார்வைகள் பலவாகின்றன. பாடற் காட்சியில் பிற பொருள் ஏற்கப்படுகிறது. இரண்டும் வேறு செயல்கள் என்பதை இந்த ஒரு படமே தெளிவாக்குகிறது.

6. ஒட்டும் புணர்ச்சியும்

கொலாஜைக் குறிக்கத் தமிழ் தேர்ந்த 'ஒட்டு' என்னும் சொல் மொழியியலார்க்கு அயலானதன்று. முன்னொட்டு, பின்னொட்டு, ஒட்டுநிலை மொழி என்பன அவர்தம் அன்றாடச் சொற்கள். ஒட்டுநிலை என்பதற்குரிய ஐரோப்பியக் கலைச்சொல்லும் பசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. ஆகவே பசை என்னும் உருவகம் கலைக்கும் இலக்கணத்திற்கும் பொதுவாயிற்று.

ஒட்டும் இடம் எவ்வாறு அமைகிறது என்பதைக் காட்ட நன்னூலின் புணர்ச்சிப் பாகுபாடு துணைசெய்யும். வாழை, மரம் என்பன 'வாழைமரம்' ஆகும்போது மாற்றம் இல்லை. அது இயல்புப் புணர்ச்சி. 'பூங்கொடி', 'பற்பொடி', 'மரவேர்' என்பவற்றில் முறையே தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழ்கின்றன. ஹாக்னியின் வெள்ளை விளிம்புகள் இயல்புப் புணர்ச்சியை ஒத்தவை, மூட்டுவாய் மறைக்கப்படவில்லை. ஒளிப்பட நிலையங்களில், மறைந்த பெரியவரின் உருவத்தைக் குடும்பப் படத்தில் சேர்க்கும் வேலையோ விகாரப் புணர்ச்சியை ஒத்தது. விளிம்பு வெட்டி நீக்கப்படுகிறது. நிழல் புதிதாகத் தீட்டப்படுகிறது. முகத்தின் நிறம் மற்றவர் நிறத்தோடு ஒத்துவர மாற்றப்படுகிறது. கெடுதலும் தோன்றலும் திரிதலும் ஒருங்கே அங்கு நிகழ்கின்றன. அங்கு மூட்டுவாய் தெரிந்தால் வேலை பழுதெனப்படும். ஏனெனில் பிரிந்தவர் பிரியவில்லை என்று காட்டுவதே அப்படத்தின் நோக்கம்.

விவான் சுந்தரம் 2001-02-இல் கணிப்பொறி வழியாக உருவாக்கிய படவரிசை இவ்விரண்டாம் வகையைக் கலையாக உயர்த்தியது. தம் பாட்டனார் உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களையும், அவர் மகளான ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் ஓவியங்களையும் அவர் ஒன்றிணைத்தார். வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த உருவங்கள் ஒரே அறையில் நிற்கின்றன. மூட்டுவாய் தெரியாமையால், காலங்கள் கலந்திருப்பதைக் காண்பவர் சற்றுத் தாமதித்தே உணர்கிறார். அத்தாமதமே அப்படங்களின் ஆற்றல்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. புணர்ச்சி ஒலிச்சூழலால் நிகழ்வது. பேசுபவரின் விருப்பத்தைப் பெரிதும் சாராதது. ஒளிப்பட ஒட்டு கலைஞரின் தேர்வால் நிகழ்வது. எனவே இதனை விளக்கத்திற்குரிய கருவியாகக் கொள்ளலாமேயன்றி விதியாகக் கொள்ளலாகாது.

7. கலைச்சொற்கள்

கியூபிச ஒளிப்படத்திற்குச் செயலைச் சுட்டும் பெயர் ஒன்று தேவை. 'பன்னோக்கு' என்பது முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பன்னோக்கு மருத்துவமனை போன்ற வழக்குகளில் அச்சொல் பல நோக்கங்களையோ பல துறைகளையோ குறித்து நிலைபெற்றுவிட்டது. 'பல்கோணம்' வடிவியலுக்குரியது. 'பன்முகம்' பண்பைக் குறித்து மிகப் பரவலாக வழங்குவதால் கூர்மை இழந்துள்ளது. பல்பொருள் அங்காடி என்பது போல் எளிதில் பொருள் விளங்கும் 'பல்பார்வை ஒளிப்படம்' என்பது பொருந்தும். இயக்கத்தின் வரலாற்றைப் பேசுமிடத்துக் 'கியூபிசம்' என்னும் ஒலிபெயர்ப்பையே கொள்ளலாம்; அது இயற்பெயர் போன்றது.

பிற பொருள் ஏற்கப்படும் இடத்து 'ஒட்டுப்படம்' என்பதையும், துண்டுகளின் சேர்க்கையால் புதிய கருத்து பிறக்கும் இடத்து 'தொகுப்புப்படம்' என்பதையும் வரையறுத்து வழங்கலாம். ஒரு படைப்பை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது பயன்தரும். பார்வை நிலை ஒன்றா, பலவா? கணம் ஒன்றா, பலவா? மூட்டுவாய் காட்டப்படுகிறதா, மறைக்கப்படுகிறதா? இவற்றின் விடையே சொல்லைத் தேர்ந்து தரும். ஒரே படைப்பில் இரு செயல்கள் நிகழுமாயின் இரு சொற்களையும் ஆளத் தயங்க வேண்டியதில்லை.

8. முடிவுரை

பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகம் 1960-இல் திரைப்படக் கல்வி நிறுவனத்திற்கு உரியதாயிற்று. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 1964-இல் புணேயிலேயே நிறுவப்பெற்றது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 2003 சனவரியில் கல்வி நிறுவன வளாகத்தில் நேர்ந்த தீவிபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. எஞ்சிய படங்களைக் காப்பது காப்பகத்தின் பணி. அவற்றில் இருப்பதைப் பெயரிட்டு அடையாளம் காட்டுவது திறனாய்வாளரின் பணி; அப்பெயரைத் தமிழில் வழங்குவது மொழிபெயர்ப்பாளரின் பணி. அட்டவணையில் 'தந்திரக் காட்சி' என்று குறிக்கப்படும் ஒன்றைத் தேடி எந்தக் கலை வரலாற்று மாணவரும் வருவது அரிது. 'பல்பார்வைக் காட்சி' என்று குறிக்கப்பட்டால் அவர் வர இடமுண்டு.

'குங்கூ' படத்தின் உடைந்த கண்ணாடியில் கனசதுரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒற்றை நோக்கு உடைவதும், பார்த்தவர் பார்க்கப்படுவதும், ஒரு கணம் பல கணங்களாவதும் அதில் உள்ளன. இவற்றைக் காண உதவும் சொற்களே தமிழுக்கு வேண்டியவை. பிரபாத்தின் பிற படங்களிலும், அக்காலத் தமிழ்த் திரைப்படங்களிலும் இத்தகைய காட்சிகளைத் தேடித் தொகுப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.